சொட்டு எண்ணுவது யார் பொறுப்பு?

சென்ற மழைக்காலத்தில் நமது விவசாயத் தோழர் ஒருவர் கடும் வயிற்றுப்போக்கால் படுத்துவிட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து, இரவு முழுவதும் கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தேன். கம்பத்தில் சலைன் பாட்டில், கையில் ஊசி. வார்டில் நாற்பது நோயாளிகள், நர்ஸ் ஒருவர்தான். "அண்ணா, பாட்டில் தீரும் முன் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அந்தச் சகோதரி அடுத்த கட்டிலுக்கு ஓடினார். விடியற்காலையில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பாட்டில் காலி. குழாயில் ரத்தம் ஏறி நின்றது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தார்.

தோழர் பிழைத்தார். ஆனால் ஏழையின் உயிருக்குக் காவல், தூக்கம் கலையாத ஒரு ஜோடிக் கண்கள்தானா?

சலைன் ஏற்றுவது புதிய விஷயமல்ல. 1832-ல் ஸ்காட்லாந்தில் காலரா பரவியபோது தாமஸ் லாட்டா என்ற டாக்டர் உப்பு நீரை ரத்தக் குழாயில் செலுத்தி நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். இன்றும் பொது வார்டில் நடப்பது என்ன? பாட்டிலை உயரே மாட்டுகிறார்கள். நீர் தானே இறங்குகிறது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணுகிறார். சாதாரணக் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். 500 மில்லி லிட்டர் 4 மணி நேரத்தில் ஏற வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. நோயாளி கையை மடக்கினால் இந்தக் கணக்கு மாறிவிடும். குறைந்தால் மருந்து போதாது. மிகுந்தால் இருதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இதைக் காக்கும் கருவி இருக்கிறது. சொட்டு விழும் சிறு குப்பியின் ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு. மறுபக்கம் ஒளியை உணரும் சென்சார். ஒவ்வொரு சொட்டும் ஒளியை ஒரு கணம் மறைக்கிறது. கருவி எண்ணுகிறது. சொட்டு நின்றால், வேகம் மாறினால் மணி அடிக்கிறது. மருந்து செலுத்தும் பம்புகளில் குழாய் அடைத்தால் சொல்ல அழுத்த சென்சாரும், காற்றுக் குமிழியைக் கண்டுபிடிக்க மீயொலி சென்சாரும் உண்டு. இதில் தேவ ரகசியம் எதுவுமில்லை. டெலிவிஷன் ரிமோட்டில் இருப்பதும் இதே அகச்சிவப்பு ஒளிதான். அப்படியிருக்க, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் இந்தப் பாதுகாப்பு பொது வார்டின் வாசற்படியைத் தாண்டாதது ஏன்?

"யந்திரம் வந்துவிட்டால் நர்ஸ் எதற்கு?" என்று கேட்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களுக்கு விஞ்ஞானமே பதில் சொல்லும். மருந்துக்கு மருந்து சொட்டின் அளவு மாறும். ஊசி நாளத்தை விட்டு நழுவி, நீர் தோலுக்கடியில் பாய்ந்தாலும் சொட்டு விழுந்துகொண்டிருக்கலாம். கருவி "சரி" என்றே சொல்லும். வீங்கிய கையைப் பார்ப்பது மனிதக் கண்தான். அமெரிக்காவில் 2005 முதல் 2009 வரை இந்தப் பம்புகளைப் பற்றி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு வந்த புகார்கள் சுமார் 56,000. 87 முறை பம்புகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஒரு தடவை அழுத்திய பொத்தானை இரு தடவை என்று எடுத்துக்கொண்ட பம்புகளும் உண்டு! 2010-ல் அந்த இலாகா விதிகளை இறுக்கியது. யந்திரத்துக்கும் காவல் வேண்டும் என்பதே பாடம்.

"பணம் ஏது?" என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கினால் யானை விலை, குதிரை விலைதான். நம் நாட்டில் செய்ய முடியாதா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இருதய வால்வு 1990-ல் மனித உடலில் பொருத்தப்பட்டது. 2020-ல் பெருந்தொற்று நாட்டை உலுக்கியபோது, பொதுத்துறை பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 30,000 வென்டிலேட்டர்களுக்கான பொறுப்பை ஏற்றது. வென்டிலேட்டர் செய்யத் தெரிந்த கைகளுக்குச் சொட்டு எண்ணும் கருவி பெரிதா?

நாம் கேட்பது மூன்று. பொதுத்துறை ஆலைகளில் இக்கருவியைச் செய்ய வேண்டும். 1994-ல் மருந்துகளை மொத்தமாக வாங்கத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதையும் வாங்கி, பழுது பார்க்கும் ஆட்களோடு பொது வார்டுகளுக்குத் தர வேண்டும். காலியாக உள்ள நர்ஸ் பணியிடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

கருவி எண்ணட்டும், நர்ஸ் நோயாளியைக் கவனிக்கட்டும். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதை ஜனங்கள் ஏற்கமாட்டார்கள்.