பாதித் தங்கம் என்றால் பாதி ஹராமா?



துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கும் நம் இளைஞர்களிடையே இப்போது ஒரு மோகம் பரவியிருக்கிறது. புதுக் கடிகாரம் அவர்களுக்கு வேண்டாம். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, எஃகும் தங்கமும் சேர்ந்த இருநிற ரோலக்ஸ்தான் வேண்டும். இந்த மோகம் ஜீயபுரம் வரை வந்துவிட்டது. மார்க்கத்தை நினைவூட்டினால், "ஹஜ்ரத், இது பாதிதானே தங்கம்?" என்று சிரிக்கிறார்கள்.

அந்தக் கடிகாரத்தில் அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. எஃகின் வெண்மைக்கு நடுவே தங்கம் ஓடுவது கண்ணை இழுக்கத்தான் செய்யும். பேட்டரி இல்லாமல், கையசைவிலேயே சாவி ஏறி ஓடும் இயந்திரத்தில் உண்மையான கைத்திறன் இருக்கிறது. ஆனால் அந்தத் திறன் முழுவதும் உள்ளே இருக்கும் பற்சக்கரங்களில் இருக்கிறது. தங்கமோ வெளியே இருக்கிறது. இந்த எஃகு–தங்கக் கூட்டுக்கு 'ரோலெசர்' என்ற பெயரை அந்நிறுவனம் 1933லேயே பதிவு செய்துகொண்டது. முகப்பைச் சுற்றிய வளையம், சாவித் திருகு, பட்டையின் நடுக்கண்ணிகள் ஆகியவை பொதுவாகத் தங்கம். 18 காரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு தங்கம். இது பூச்சு அன்று. தனித்தனித் தங்கத் துண்டுகள்.

நபி (ஸல்) அவர்கள் பட்டையும் தங்கத்தையும் இரு கரங்களில் ஏந்தி, இவை தம் சமுதாயத்து ஆண்களுக்கு ஹராம் என அறிவித்ததை அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒருவர் விரலில் தங்க மோதிரத்தைக் கண்டபோது அதைக் கழற்றி எறிந்தார்கள் என்ற செய்தி முஸ்லிமில் உள்ளது. "எடுத்து வேறு வகையில் பயன்படுத்திக்கொள்" என்று பிறர் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. அந்த மோதிரத்தின் எடை எத்தனை கிராம் இருந்திருக்கும்?

ஓரளவு கிதாப் பார்த்தவர்கள் ஹனஃபி நூல்களில் வரும் ஆணியைக் கொண்டுவருவார்கள். மோதிரக் கல்லைப் பொருத்தும் சிறு தங்க ஆணிக்கு அங்கே அனுமதி உண்டு, உண்மைதான். அந்த ஆணி கல்லைப் பிடித்துக்கொள்வதற்காக இருப்பது, மோதிரத்தைச் சார்ந்து நிற்பது. கடிகாரத்தின் தங்க வளையம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? எஃகு வளையம் அதே வேலையைச் செய்யாதா? பார்ப்பவர் கண்ணுக்காகவே வைத்ததை, கண்ணுக்குத் தெரியாத ஆணியோடு ஒப்பிடுவது கியாஸ் ஆகாது.

பொன்னிறம் மட்டும் உள்ள கடிகாரங்களின் நிலை வேறு. இன்று பல கடிகாரங்களில் மின்னுவது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. அதில் தங்கமே இல்லை. பழைய கடிகாரங்களில் '20 மைக்ரான்' என்று பொறித்திருந்தால் அது மெய்யான தங்கப் பூச்சு. பிரித்தெடுக்க முடியாத பூச்சை ஹனஃபிகள் அனுமதிப்பர்; நெருப்பில் இட்டால் தங்கம் பிரிந்து வருமா என்று ஷாஃபிஈகள் பார்ப்பர். ஐயம் இருந்தால் பெரிய கடைவீதியில் காரட் சோதிக்கும் இயந்திரம் உள்ள நகைக்கடைக்குப் போங்கள். சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இதைவிட என்னை அதிகம் கசக்கச் செய்வது மணமேடை. மஹர் கொடுக்க வேண்டிய மணமகன், மாமனாரிடம் கடிகாரத்தின் மாடல் எண்ணைச் சொல்லி அனுப்புகிறார். கைக்கூலி வாங்கமாட்டோம் என்று ஜமாஅத்தில் கையெழுத்திட்ட குடும்பங்களும் இதை 'அன்பளிப்பு' என்கின்றன. கேட்டு வாங்குவது எப்படி அன்பளிப்பாகும்? பெண்ணைப் பெற்றவர் வட்டித் தவணையில் அதை வாங்கித் தருகிறார். கைக்கூலி, வட்டி, ஆணுக்குத் தங்கம் என மூன்று ஹராம்களையும் ஒரே மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நிக்காஹ் குத்பாவைக் கேட்க உட்காருகிறோம்! அதற்கு மேல் நின்று துஆ ஓதும் எங்களைப் போன்றவர்களும் வாய் திறப்பதில்லை.

"முதலீடு ஹஜ்ரத், விலை ஏறும்" என்பது கடைசி வாதம். முதலீடு பெட்டியில் இருக்கலாமே, கையில் எதற்கு?

ஏற்கெனவே வாங்கியவர்கள் அதை எறிய வேண்டியதில்லை. விற்கலாம், மனைவிக்கோ மகளுக்கோ கொடுக்கலாம், தங்கப் பாகங்களைக் கழற்றி எஃகில் மாற்றித் தரும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். விற்கும்வரை அதிலுள்ள தங்கத்தை ஸகாத் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் அணியும் ஆகுமான நகைக்கு ஸகாத் இல்லை என்னும் ஷாஃபிஈ மத்ஹபிலும், ஆண் அணியும் தங்கத்துக்கு அந்த விலக்கு கிடையாது.