குசினியில் வாழும் மொழி



பயணம் போய் வந்தவர்களைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பது நம்மூர்ப் பெண்களின் பழைய பழக்கம். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரானாலும் சரி, கொழும்புக்கு மருந்தெடுக்கப் போய் வந்தவரானாலும் சரி, பாயை விரித்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் கதை தொடங்கும். கதை சொல்பவர் மூச்சு வாங்க நிறுத்தினால், கேட்பவர்கள் "மறுகா?" என்று கேட்க வேண்டும். அதுதான் மட்டக்களப்பு மரியாதை.

அண்மையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்படியொரு கதை நடந்தது. சொன்னவள் என் தங்கையின் மகள். இங்கிலாந்தில் படிக்கும் அவள், கோடை விடுமுறையில் எட்டு வாரம் வேல்ஸ் நாட்டில் ஒரு பாலர் பள்ளியில் பயிற்சி வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். காத்தான்குடியில் பிறந்த குமர்ப்பிள்ளை, முன்பின் தெரியாத இடத்தில் எப்படி இருந்தாளோ என்ற கவலை அவள் உம்மாவுக்கு. அங்கே என்ன சாப்பிட்டாள் என்ற கவலை எனக்கு. அவளோ எங்கள் இரண்டு பேருடைய கவலையையும் விட்டுவிட்டு, மொழியைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள்.

வேல்ஸ், பிரித்தானியத் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 31 இலட்சம் மக்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மொழி உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர் அதைக் கேட்டால் ஒரு சொல்லும் விளங்காது. ரோட்டில் வளைவு வரும் இடங்களில் 'அரவ்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்களாம். மெதுவாகப் போ என்று அர்த்தம். "ஆறுதலாகப் போ என்று நாம் சொல்வது போலத்தான் எனக்குக் கேட்டது, பெரியம்மா" என்றாள்.

அவள் இருந்தது வடக்கே கேர்நார்வன் என்ற பழைய கோட்டை நகரம். அங்கே கடையிலும் பஸ்ஸிலும் வேல்ஸ் மொழிதான் காதில் விழும். தங்கியது எழுபது வயது தாண்டிய ஒரு விதவை மனிசியின் வீட்டில். அந்தப் பக்கத்தில் பாட்டியை 'நைன்' என்பார்கள். இவளும் நைன் என்றே கூப்பிட்டாள். முஸ்லிம் பிள்ளை வருகிறாள் என்று கேள்விப்பட்டதும், பன்றியிறைச்சி படாத புதுத் தாச்சி ஒன்றை வாங்கி, வேறாக வைத்திருந்தாராம் அந்த மனிசி. இதைக் கேட்டதும் என் தங்கை சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் நாள் நன்றி சொல்லப் பழக்கினாராம். 'தியோல்க்' என்பது சொல். அதன் கடைசி ஓசை தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும். ஆங்கிலேயர்களுக்கு அது இலேசில் வராது. நம் பிள்ளைக்கு முதல் தடவையே வந்துவிட்டது. "எங்கே படித்தாய்?" என்று நைன் வியந்து கேட்டாராம். ஓதப்போன காலத்தில், 'ஹா'வுக்கும் 'க்ஹா'வுக்கும் வித்தியாசம் சரியாக வரும்வரை லெப்பை எழும்ப விடாமல் வைத்திருந்ததை இவள் எப்படி விளங்கப்படுத்துவது! சிரித்துக்கொண்டே, "என் ஊரில்" என்றாளாம்.

மறுகா என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? இனிமேல்தான் விஷயமே.

இந்த மொழி ஏறக்குறைய அழிந்துபோகும் நிலைக்குப் போய்த் திரும்பிய மொழி. 1847இல் வேல்ஸ் பள்ளிக்கூடங்களைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்கப்பட்டது. எழுதியவர்கள் மூன்று ஆங்கிலேயர்கள். மூன்று பேருக்கும் வேல்ஸ் மொழி தெரியாது. மக்கள் பின்தங்கியிருப்பதற்கு அவர்களின் மொழியும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். அத்தோடு விடவில்லை. வேல்ஸ் பெண்களின் ஒழுக்கத்தையும் இழிவாக எழுதி வைத்தார்கள். ஒரு சமூகத்தைத் தாழ்த்த நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அதன் மொழியிலும் அதன் பெண்கள் மீதும்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில், வேல்ஸ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பிள்ளை வேறொரு பிள்ளை பேசுவதைக் கேட்டால் பலகை அங்கே மாறும். மாலையில் பள்ளி விடும்போது அது யார் கழுத்தில் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. இதைச் சொன்ன மருமகள் இன்னொன்றும் சொன்னாள். "அரசாங்கம் சட்டம் போட்டுச் செய்ததல்ல, பெரியம்மா. தாய் தகப்பனே பலர் சம்மதித்தார்கள். பிள்ளை முன்னேற வேண்டுமென்றால் ஆங்கிலம்தான் என்று நம்பினார்கள்." 1901இல் வேல்ஸில் இரண்டு பேருக்கு ஒருவர் அந்த மொழி பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கும் சற்றுக் குறைவு.

ஆனால், அடங்காத பெண்களும் இருந்தார்கள். தெற்கு வேல்ஸில் ஐலீன் பீஸ்லி என்ற ஒரு தாய். 1952இல் அவருடைய வீட்டுக்கு உள்ளூராட்சி மன்றத்திலிருந்து வரி கட்டும்படி ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. வேல்ஸ் மொழியில் அனுப்புங்கள், கட்டுகிறோம் என்று அவரும் கணவர் ட்ரெவரும் பதில் எழுதினார்கள். மன்றம் மறுத்தது. இவர்களும் கட்டவில்லை. பத்துத் தடவைக்கு மேல் நீதிமன்றம் ஏறினார்கள். வீட்டுத் தளபாடங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெறும் வீட்டில் இருந்தார் அந்தப் பெண். எட்டு வருடங்கள்! 1960இல் இரண்டு மொழியிலும் அச்சிட்ட கடிதம் வந்தது. பிறகு 1962இல் மொழிக்காக ஒரு சங்கம், 1982இல் தனித் தொலைக்காட்சி, 1993இலும் 2011இலும் சட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன.

இதைக் கேட்கும்போது எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது. சிங்களம் மட்டும் அரச கரும மொழி என்று 1956இல் சட்டம் வந்த பிறகு, கந்தோரிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி ஊரெல்லாம் அலைவார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதப்பட்டது. வாப்பா அதைக் காண இருக்கவில்லை.

இனி, பாலர் பள்ளியின் கதை. அங்கே மூன்று வயதுப் பிள்ளைகளிடம் காலை முதல் வேல்ஸ் மொழியிலேயே பேசுவார்கள். பாட்டும் விளையாட்டும் பழம் வெட்டிக் கொடுப்பதும் எல்லாம் அதில்தான். வரும் பிள்ளைகளில் சிலரின் தாய்மாருக்கே அந்த மொழி தெரியாது. பிள்ளையிடமிருந்து தாய் படிக்கிறாள்! இப்படிப்பட்ட பாலர் வகுப்புகளுக்காக 1971இல் ஓர் அமைப்பே தொடங்கினார்கள். 2050ஆம் ஆண்டுக்குள் பத்து இலட்சம் பேரைப் பேச வைப்பது என்று அரசாங்கமும் இலக்கு வைத்திருக்கிறது.

இவ்வளவு செய்தும் எண்ணிக்கை ஏறவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். 2011இல் 5 இலட்சத்து 62 ஆயிரம் பேர் பேசினார்கள். 2021இல் 5 இலட்சத்து 38 ஆயிரம். பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கும். சட்டம் காவல் நிற்கும். ஆனால் மொழிக்கு உயிர் வருவது வேறு இடத்தில். தாயும் தகப்பனும் இரண்டு பேரும் வேல்ஸ் பேசும் வீடுகளில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் அதைப் பேசினார்கள். ஒருவர் மட்டும் பேசும் வீடுகளில் பாதிப் பிள்ளைகள்கூட இல்லை. இது 2011 கணக்கெடுப்பு காட்டிய உண்மை.

அந்த நைன் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனம் விட்டுச் சொன்னாராம். மூத்த மகளை இங்கிலாந்துக்காரரைப் போல வளர்க்க ஆசைப்பட்டு, அவளோடு ஆங்கிலத்திலேயே பேசினாராம். இன்று அந்த மகளின் பிள்ளைகள் வந்தால், தன் உம்மா தனக்குச் சொன்ன கதைகளை அவர்களுக்குச் சொல்ல முடியவில்லையாம். சொல்லிவிட்டு இவளைப் பார்த்து, "நாளைக்கு உன் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுவாய்?" என்று கேட்டாராம்.

சகோதரிகளே, இது வேல்ஸ் நாட்டுக் கதை மட்டும்தானா? கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் பாருங்கள். மட்டக்களப்பில் போர்த்துக்கீசர் 1628இல் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் போர்த்துக்கீசரின் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று கைத்தொழிலில் கெட்டிக்காரர்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தையல் மெசினைத் திருத்த வரும் பறங்கிக் கிழவர், நம்மோடு நல்ல தமிழும் மகனோடு அவர்களின் பாஷையும் பேசுவார். அது கலப்புப் போர்த்துக்கீசம். நானூறு வருடம் நம் வாவிக்கரையில் உயிரோடிருந்த மொழி. 2004 டிசம்பர் 26 கடல் பொங்கியபோது டச்பார் கரையோரத்தில் அந்தச் சமூகம் உயிர்களையும் வீடுகளையும் இழந்தது. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இளம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ்தான். அந்த மொழியை யாரும் தடை செய்யவில்லை. யார் கழுத்திலும் பலகை தொங்கவில்லை. வீட்டுக்குள்ளே மெல்ல மெல்லப் பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குசினி, தாச்சி, கோப்பை, பீரிசு, மேசை, அலுமாரி, துவாய், லேஞ்சி, சப்பாத்து, பாண். இவையெல்லாம் போர்த்துக்கீசரிடமிருந்து நமக்கு வந்த சொற்கள். அந்த மொழி தன் வீட்டில் மறைந்துகொண்டு வரும்போது, அதன் சொற்கள் நம் அடுப்படியில் பத்திரமாக இருக்கின்றன. பெண்கள் தினமும் வாயில் எடுக்கும் சொல்லுக்கு அவ்வளவு ஆயுள்!

நம் வீட்டில் தொலைந்ததையும் எண்ணிப் பாருங்கள். நம் உம்மம்மாமார் தமிழை அரபெழுத்தில் வாசித்தார்கள். மஸ்அலாக்களும் மாலைகளும் அந்த அரபுத் தமிழில்தான் இருந்தன. இன்று அந்தக் கிதாபைக் கையில் கொடுத்தால் நம்மில் எத்தனை பேரால் வாசிக்க முடியும்? அதையும் யாரும் தடை செய்யவில்லை. மொழிகள் பலவாக இருப்பது அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என்பதை சூரத்துர் ரூமில் ஓதுகிறோம். ஓதிவிட்டு எழுந்து, 'உம்மா' என்று கூப்பிட்ட பிள்ளையை 'மம்மி' என்று கூப்பிடப் பழக்குகிறோம்.

நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. குற்றவாளி நானே. கொழும்பில் இருக்கும் என் மகளிடம், "பிள்ளையோடு இங்கிலீசிலேயே பேசு, அவன் எதிர்காலம் நல்லாயிருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். ஆறு வயதுப் பேரன் டெலிபோனில் "ஹலோ கிராண்ட்மா" என்பான். நான் "என்ன மனே, சாப்பிட்டயா?" என்பேன். மறுபக்கம் பேச்சு இருக்காது. பிறகு மகள் வாங்கிப் பேசுவாள். நைனின் கதையை மருமகள் சொல்லி முடித்தபோது, என் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. அந்த நைன் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறவர். என் மருமகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஆங்கிலம்தான். சிங்களமும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். பிள்ளையின் மூளை ஒரு மொழிக்கு மட்டும் இடமுள்ள சின்னப் பெட்டகம் அல்ல. ஒன்றை வைக்க மற்றதை வெளியே எறிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து மொழியைப் பள்ளிக்கூடம் கொடுக்கட்டும். வீட்டு மொழியைக் கொடுக்க நம்மை விட்டால் ஆளில்லை.

அதற்கு நமக்கொரு வசதியும் உண்டு. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். பிள்ளை பிறந்து வளர்வது உம்மாவின் உம்மாவுடைய குரல் கேட்கும் தூரத்தில். தாலாட்டும் விடுகதையும் பழமொழியும் கறி தாளிக்கும் பக்குவமும் அந்தக் குரலில் இருக்கின்றன. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு டெலிபோன் இருக்கிறது. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். பாடம் நடத்த வேண்டாம், கதை சொல்லுங்கள்.

போன லீவுக்குப் பேரன் வந்திருந்தான். இரவு பாயில் அவனைப் பக்கத்தில் படுக்க வைத்து, என் உம்மம்மா எனக்குச் சொன்ன நரிக்கதையைச் சொன்னேன். முதல் நாள் பாதியில் எழும்பிப் போய்விட்டான். இரண்டாம் நாள் அவனுக்கு விளங்காத சொற்களைக் கையால் நடித்துக் காட்டினேன். சிரித்தான். நாலாம் நாள் எனக்கு நித்திரை வந்து, நரி ஆற்றங்கரையில் நிற்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டேன். சின்னக் கை ஒன்று என் தோளை உலுக்கியது.

"மறுகா?" என்றான்.

நித்திரை எங்கே போனதென்று தெரியவில்லை. நரியை ஆற்றைக் கடக்க வைத்துவிட்டுத்தான் தூங்கினேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.