ஓரெழுத்தால் மறைந்த கோயில்

கிரேக்க நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டி யூபியா என்னும் நீண்ட தீவொன்று உளது. பண்டைக்காலத்தில் அத்தீவிலிருந்த எரெட்ரியா நகரத்தார், வேட்டைத் தெய்வமாகிய ஆர்டெமிஸுக்கு அமரிந்தோஸ் என்னும் ஊரில் பெருவிழா எடுத்தனர். 3,000 காலாட்படை வீரரும் 600 குதிரை வீரரும் 60 தேர்களும் அவ்விழாவில் அணிவகுத்துச் சென்ற செய்தி, அக்கோயிலில் நின்ற கல்தூணொன்றில் பொறிக்கப்பட்டிருந்ததாம். ஏறக்குறைய 2,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த நிலநூற் புலவர் ஸ்ட்ராபோ இதனை எழுதி வைத்துள்ளார்.

இத்துணைச் சிறப்புடைய கோயில் பின்னர் இருந்த இடந்தெரியாமல் மறைந்தது. எரெட்ரியாவின் மதிலிலிருந்து அமரிந்தோஸ் 7 ஸ்டேடியத் தொலைவில் உள்ளது என்பது ஸ்ட்ராபோ நூலின் ஏடுகளிற் கண்ட செய்தி. அஃது ஒன்றேகால் கிலோமீட்டர் அளவே ஆகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஆய்வாளர் பலர் அந்நகரின் அருகிலேயே தேடினர், கோயில் கிட்டவில்லை.

சுவிட்சர்லாந்து நாட்டுக் கல்வெட்டறிஞர் டெனிஸ் க்னோப்ஃப்ளர் அவ்வெண்ணையே ஐயுற்றார். கிரேக்கர் எழுத்துக்களையே எண்களாகவும் வழங்கினர். சீட்டா என்னும் எழுத்து 7. க்சை என்னும் எழுத்து 60. இவ்விரண்டும் வடிவில் ஒன்றையொன்று ஒத்தவை. ஏடு பெயர்த்து எழுதியவர் ஒன்றை மற்றொன்றாக மயங்கினார் என்பது அவர் முடிவு. 60 ஸ்டேடியம் என்றால், ஏறக்குறைய 11 கிலோமீட்டர் கிழக்கே, கடலோரக் குன்று ஒன்றின் அடிவாரத்தைத் தேடவேண்டும். அக்குன்றிலிருந்த பழைய கிறித்தவக் கோயிலின் சுவரில் பண்டைக் கட்டடக் கற்கள் பதிந்திருந்தமையும் அவர் கருத்துக்கு அரணாயிற்று. சுவிட்சர்லாந்துத் தொல்பொருட் கழகத்தாரும் கிரேக்க அறிஞரும் அங்கே அகழ்ந்தனர். 2007இல் பெருஞ்சுவரொன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. 2017இல் ஆர்டெமிஸின் பெயர் முத்திரையிடப்பட்ட ஓடுகளும், அவள் பெயர் தாங்கிய கல்வெட்டுக்களும் கிடைத்து ஐயத்தை அகற்றின.

புதையுண்ட கோயிலை மீட்ட புகழ் முழுவதும் மண்வெட்டிக்கே உரியது என்பார் உளர். அது பொருந்தாது. தோண்டுதற்கு உரிய இடத்தைக் காட்டியது, ஏட்டைக் கூர்ந்து பயின்ற கண்ணே. பழைய நூல் பொய்த்தது என்று ஸ்ட்ராபோவைத் தள்ளியிருப்பின், அக்கண்ணுக்கும் வேலை இருந்திராது. படியெடுத்த அவ்வேழையைக் கடிதலும் வேண்டா; ஒரு கோடு பிசகுதல் யார் கைக்கும் நேர்வதே. அதே நூலில் நின்ற மற்றோர் எண்ணையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். 3,000 வீரரும் 60 தேர்களும் ஒன்றேகால் கிலோமீட்டர் வழியிற் புறப்பட்டால், கடைசித் தேர் நகரவாயிலைக் கடக்குமுன் முன்னணி வீரர் கோயிலை அடைந்துவிடுவரன்றோ!