சாவி சொல்லும் ‘இங்கு’

கொண்டாப்பூர் அடுக்ககங்களில் கார்ச் சாவியை வாயிற்கதவருகே மாட்டிவைப்போர் பலர். அருகே கொண்டுசென்றாலே காரைத் திறக்கும் சாவிக்கு இவ்வழக்கம் ஆகாது.

அச்சாவி காருக்குச் சொல்வது ‘இங்கிருக்கிறேன்’ என்பதே. ‘இங்கு’ என்பது சுட்டு. சொல்லும் இடமே அதன் பொருள். காரோ சொல்லைச் சரிபார்க்கிறது, இடத்தைச் சரிபார்ப்பதில்லை. ஆதலின் திருடன் மறைமொழியை உடைக்க வேண்டியதில்லை. அலையை இரு கருவிகளால் வீட்டுவாயிலிலிருந்து காருக்குக் கடத்தினால் போதும். 2011இல் சூரிச் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாதிரிகளைச் சோதித்தனர், பத்துமே ஏமாந்தன.

சாவியை அலை புகாத உறையில் வைப்பதும் ஸ்டீயரிங் பூட்டு இடுவதும் நன்றே. ஆயினும் வடிவமைப்பின் குறையை வாங்கியவர் தலையில் சுமத்துவது முறையன்று. மறுமொழி வந்துசேரும் நேரத்தை அளந்து தொலைவைக் கணிக்கும் நுட்பம் இன்று உண்டு. இத்தகைய கார்கள் அனைத்திற்கும் அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.