கமலின் காந்தி கணக்கு

புனே கேம்ப்பின் பிரதான கடைவீதிக்கு மகாத்மா காந்தியின் பெயர். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, நகரத்தின் பழைய பேட்டைகளில்தான் நாதுராம் கோட்சே 'அக்ரணி' பத்திரிகையை நடத்தினார். இந்த ஊரில் வசிக்கும் தமிழர்களுக்கு கமல்ஹாசன் எழுதி, இயக்கி, நடித்த ஹே ராம் (2000) இன்னொரு கமல் படம் அல்ல.

முதல் ஒரு மணி நேரம் அசாத்தியமானது. 1946இல் மொகஞ்சதாரோ அகழாய்வில் தொடங்கி, ஆகஸ்ட் 16 கல்கத்தாவுக்கு வருகிறது கதை. தமிழ் சினிமாவில் கலவரம் என்றால் கூச்சலும் தீவட்டியும்தான். இங்கோ இறந்து கிடக்கும் பாகனை விட்டு நகரத் தெரியாமல் ஒரு யானை நிற்கிறது. மனைவி அபர்ணாவை (ராணி முகர்ஜி) பறிகொடுத்த சாகேத் ராம் துப்பாக்கியோடு தெருவில் இறங்கும்போது, அவனைக் கதாநாயகனாகப் பார்க்க முடியாதபடி கமல் நடித்திருக்கிறார். நட்சத்திரங்கள் எளிதில் செய்யாத காரியம். வேறொருவரின் மெட்டுக்குப் படமாக்கிய பாடல்களுக்கு, உதட்டசைவு மாறாமல் புது மெட்டுப் போட்ட இளையராஜாவின் சாகசம் தனிக் கதை.

சறுக்கல் மகாராஷ்டிரத்தில். மகாராஜா மாளிகை, போதை, கனவு, துப்பாக்கியாக மாறும் இரண்டாவது மனைவி மைதிலி என்று குறியீடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. கமல் என்ற இயக்குநர் கமல் என்ற நடிகரை விட்டுக் கேமராவை நகர்த்தவே தயங்குகிறார். பாவம் வசுந்தரா தாஸ். மைதிலி என்ன நினைக்கிறாள் என்று படம் நின்று கேட்பதில்லை. தப்பித்தவர் அதுல் குல்கர்ணி. தமிழ் பேசும் தஞ்சாவூர் மராட்டியர் அப்யங்கராக வந்து, துணை நடிகருக்கான தேசிய விருதை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் பெரிய சிக்கல் திரைக்கதையின் அடித்தளத்தில் இருக்கிறது. மனைவியை இழந்த துக்கம்தான் சாகேத் ராமை காந்தியிடம் துப்பாக்கியோடு அனுப்புகிறது. புனே வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1934 ஜூன் 25 அன்று, நகரசபை மண்டபத்துக்கு காந்தி வரவிருந்தபோது இங்கே குண்டு வீசப்பட்டது. பிரிவினைக்கு இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. அப்போது அவர் ஹரிஜன யாத்திரையில் இருந்தார். பிரிவினையில் மனைவியைப் பறிகொடுத்தவரல்ல கோட்சே. வெறுப்புக்குச் சொந்தக் காயம் தேவைப்படவில்லை. படமோ ஒரு காயத்தைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால் ரசிகனின் அனுதாபம் கொலைகாரனாகப் போகிறவனுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. கொள்கையைப் பேச வேண்டிய அப்யங்கரையோ, குதிரையிலிருந்து விழவைத்துப் படுக்கையில் போட்டுவிடுகிறார் கமல். விவாதம் நடக்க வேண்டிய இடத்தில் விபத்து நடக்கிறது.

டெல்லி சோடா தொழிற்சாலைக் காட்சியில் படம் மீண்டும் நிமிர்கிறது. பழைய நண்பன் அம்ஜத்தாக ஷாருக் கான் அடக்கமாக நடித்திருக்கிறார். அவர் சாவுக்குப் பிறகு சாகேத் மனம் மாறுவதுதான் கொஞ்சம் அவசரம். வெறியை வளர்க்க இரண்டு மணி நேரம், இறக்க சில நிமிடங்கள். புனே திரைப்படக் கல்லூரி மாணவரான நஸிருத்தீன் ஷா சிறிது நேரமே வந்தாலும், குறும்பும் பிடிவாதமும் உள்ள கிழவராக காந்தியை உட்காரவைத்துவிடுகிறார். இவரோடு இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருக்கலாம்.

வீட்டில் பார்ப்பவர்கள் மாளிகைக் காட்சிகளின்போது டீ போட எழுந்து போகலாம். அம்ஜத் வருவதற்குள் திரும்பிவிடுங்கள்.