நாளுக்கொரு சொல் நாவில் ஏறுக!

நாள்தோறும் ஒரு தூயதமிழ்ச் சொல்லைக் கற்று, அதை நண்பர்க்கும் கற்பிக்கும் நல்வழக்கம் தமிழன்பரிடையே இன்று பரவியுள்ளது. பள்ளிக் கரும்பலகையில் ஒரு சொல். படிப்பகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு சொல். கைப்பேசியில் ஒரு சொல். பொருளும் வேரும் விளக்கப்பெறுகின்றன. நண்பர் பத்துப்பேர் "அருமை" எனப் பாராட்டுகின்றனர். மாலையில் அப் பத்துப்பேரும் தேநீர்க்கடையில் கூடுகின்றனர். "டைம் என்ன?" என்கிறார் ஒருவர். "லேட் ஆகிவிட்டது" என்கிறார் மற்றொருவர். காலையில் கற்ற சொல் காலையிலேயே நின்றுவிட்டது!

கண்ணுக்குத் தெரிந்த சொல் வேறு. நாவுக்குப் பழகிய சொல் வேறு. இவ் வேறுபாட்டை உணராதவரையில் சொற்பட்டி நீளுமேயன்றித் தமிழ் வளராது.

தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. 1924 முதல் 1939 வரை பின்னிணைப்புடன் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழக அகரமுதலி 1,17,762 சொற்களைக் கொண்டது. அதன் குறைகளைக் கடிந்துரைத்தவர் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர். 7.2.1902 அன்று சங்கரன்கோவிலில் பிறந்த அப் பெருமகனார், தம் எழுபத்திரண்டாம் அகவையில், 1974-இல், தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். 1981 தொடக்கத்தில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய சில நாள்களில் மறைந்தார். முதற்பகுதி 1985-இல் அச்சேறியபோது அதைக் காண அவர் இல்லை. பின்வந்தோர் உழைப்பால் அப் பேரகரமுதலி பல மடலங்களாக விரிந்து நிறைவுற்றது. களஞ்சியம் நிரம்பிவிட்டது. ஆயினும், களஞ்சியத்து நெல் உலைக்கு வாராவிடின் பசி தீருமா? இன்றுள்ளது சொற்பஞ்சம் அன்று, சொல்வார் பஞ்சமே.

தனித்தமிழியக்கம் ஏட்டில் தோன்றியதன்று, வீட்டில் தோன்றியது. 1916-இல் மறைமலையடிகளும் அவர்தம் மகளார் நீலாம்பிகையும் உரையாடுங்கால், வள்ளலார் பாடல் ஒன்றில் 'தேகம்' என்றிருக்குமிடத்தில் 'யாக்கை' என்றிருப்பின் எத்துணை இனிமையாயிருக்கும் என்று அடிகள் கூற, அங்கு விழுந்த விதையே இயக்கமாக வளர்ந்தது என்பர். தந்தையும் மகளும் பேசிய பேச்சே தொடக்கம்.

அவ் வியக்கம் எங்கு வென்றது, எங்கு நின்றது என்று எண்ணிப் பார்க்க. 'அக்கிராசனர்' தலைவரானார். 'காரியதரிசி' செயலாளரானார். 'அபேட்சகர்' வேட்பாளரானார். 'உபந்நியாசம்' சொற்பொழிவாயிற்று, 'வந்தனோபசாரம்' நன்றியுரையாயிற்று, 'விவாகம்' திருமணமாயிற்று. கரணியம் என்ன? மேடைதோறும் மாலைதோறும் அச் சொற்கள் வாயால் சொல்லப்பட்டன; காதால் கேட்கப்பட்டன. வாக்களிக்கச் சென்ற எளிய உழவரும் 'வேட்பாளர்' என்று சொன்னார். ஆனால், 'பேருந்து' பலகையிலும் செய்தியிலும் ஏறியதேயன்றிப் பயணியர் பலர் நாவில் ஏறவில்லை. 'மிதிவண்டி'யும் அவ்வாறே. இரண்டும் நற்சொற்களே. எழுதினோர் பலர், பேசினோர் சிலர். குறை சொல்லில் இல்லை, வாயில் உள்ளது.

பிறநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. பல நூற்றாண்டுகளாக வழிபாட்டிலும் நூலிலுமே வழங்கிய எபிரேய மொழியைப் பேச்சுக்கு மீட்க முனைந்த எலியேசர் பென் எகுதா 1881-இல் எருசலேம் சென்றார். 1882-இல் பிறந்த தம் மகனுக்கு எபிரேயமன்றி வேறுமொழி கேளாவண்ணம் இல்லத்தில் பேசினார். பேச்சுக்கு வேண்டிய சொற்களை ஆக்கினார், அகரமுதலியும் தொகுத்தார். அவர் 1922-இல் மறைந்த பின்னரே அவ் வகரமுதலி நிறைவுற்றது. பல நாடுகளினின்று வந்து பொதுமொழியின்றி நின்ற மக்களும், பள்ளிகளும் அம் முயற்சிக்குத் துணைநின்றது உண்மையே. எனினும், அகரமுதலி முடியட்டும், பிறகு பேசுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதே தமிழர் கொள்ளவேண்டிய படிப்பினை.

"தூயதமிழில் பேசினால் பிறர் நகைப்பரே" என்று சிலர் அஞ்சுகின்றனர். நகைப்புக்கு இடங்கொடுப்போர் அன்பருள்ளும் உளர். தூயதமிழ் என்றால் மேடைத்தமிழ் என்று மயங்கி, கீரைக்கடையிலும் சொற்பொழிவாற்றுவோர் அவர். கொச்சை வேறு, கலப்பு வேறு. எழுத்தில் கொச்சை ஆகாது. ஆனால், நண்பரிடம் "நேரமாச்சு" என்றால் சொல்லின் உருவம் சற்று ஒடுங்குகிறது, உயிர் போகவில்லை. "டைம் ஆகிவிட்டது" என்றாலோ, வினை முற்றும் திருந்திய வடிவில் நிற்கிறது. சொல் செத்துக் கிடக்கிறது!

சங்கரன்கோவிலின் தறிக்கூடத்திற்குச் சென்று கேட்க. தறி விசைத்தறியான பின்னும் பாவு பாவாகவே உள்ளது. ஊடை ஊடையாகவே உள்ளது. அடுக்களையில் கேட்க. உலை, கொதி, வடி, அகப்பை, அடுப்பு. இவற்றை எவரும் பட்டியலிட்டுக் கற்கவில்லை. கைக்கும் வாய்க்கும் நாள்தோறும் வேலையிருந்ததால் நிலைத்தன. 'சோறு' என்ற பழஞ்சொல்லைத் தாழ்வென்று எண்ணிச் 'சாதம்' என்போர் கற்றோரே. கல்லாத் தாயர் அன்று!

எனவே, நாளுக்கொரு சொல் கற்போர் மூன்று நெறிகளைக் கைக்கொள்க. முதலாவது, அருஞ்சொல்லைத் தேடற்க. அன்று புழங்கும் பொருளுக்குரிய சொல்லை எடுக்க. 'ரசீது'க்குப் பற்றுச்சீட்டு, 'சாவி'க்குத் திறவுகோல், 'பாக்கி'க்கு நிலுவை, 'சந்தோசம்' என்பதற்கு மகிழ்ச்சி. இரண்டாவது, இருவரேனும் மூவரேனும் ஒன்றி, அச் சொல்லை அன்றே ஒருவரோடொருவர் பேச்சில் வழங்குக. தனியொருவன் சொன்னால் புதுமை. நால்வர் சொன்னால் வழக்கு. மூன்றாவது, பிறர் பேச்சை இடைமறித்துத் திருத்தற்க. நகையாடப்பட்டவன் தமிழை வெறுப்பான். நற்சொல்லை இயல்பாகக் கேட்டவன் தானே அதைச் சொல்வான்.

நாளுக்கு ஒன்றெனில் ஆண்டுக்கு 365 சொல். அவற்றுள் ஐம்பது நாவில் நிலைத்தாலும் வெற்றியே. அன்றாட உரையாடலில் பெரும்பகுதி சில நூறு சொற்களே மீண்டும் மீண்டும் வருதலான். ஐந்நூறு சொல் எழுதிவைத்து ஒன்றும் பேசாதவனினும், ஐம்பது சொல் பேசுபவன் தமிழுக்கு நெருங்கியவன்.

பாவாணர் பிறந்த ஊரில் அவர்க்கு எடுக்கும் விழாவிற்கு அழைப்பிதழ் தூயதமிழில் அமைகிறது, நன்று. விழா முடிந்து வீடு திரும்புவோர் வழியில் பேசும் பேச்சும் அவ்வாறே அமைக! கற்ற சொல்லை இன்றே சொல்க; இல்லத்தாரிடம் சொல்க; நண்பரிடம் சொல்க; கடைக்காரரிடம் சொல்க. நாளையும் சொல்க!