நியூ டயமண்ட் எரிந்த கடலுக்கு ஒரு பதிவேடு வேண்டும்

கௌரவ கடற்றொழில், நீரியல் மற்றும் கடல் வளங்கள் அமைச்சர் அவர்கட்கு,

கல்முனைக்குடியிலிருந்து எழுதுகிறேன். கடற்றொழில் குடும்பத்தில் பிறந்து, பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவனின் மடல் இது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்குமான எங்கள் கடலில் என்னென்ன உயிர் வாழ்கிறது, எந்தக் காலத்தில் வருகிறது, எதனால் சாகிறது என்பதை ஆண்டு முழுவதும் எழுதிவைக்கிற ஒரு நிலையத்தை ஒலுவிலில் அமைத்துத் தாருங்கள்.

2020 செப்டம்பர் 3ஆம் திகதி காலை, சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் சுமார் 38 கடல் மைல் தொலைவில் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறை வெடித்துத் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு அது ஏற்றிப்போனது ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய். கப்பலில் இருந்த 23 பேரில் பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் உயிரிழந்தார். எங்கள் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கப்பல்களும் நாட்கணக்கில் போராடி நெருப்பை அடக்கின. கப்பலின் சொந்த எரிபொருள் கசிந்து கடல்மேல் படலமாய்ப் பரவியது. மசகு எண்ணெய்த் தாங்கிகள் மட்டும் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். அதே ஆண்டு ஜூலையில் மொரிசியஸ் கரையில் தரைதட்டிய ‘வகாஷியோ’ கப்பலிலிருந்து கொட்டியது சுமார் 1,000 தொன்தான். அதற்கே அந்தத் தீவின் களப்பும் கண்டலும் கறுத்துப்போனதை உலகம் பார்த்தது. எங்கள் முன்னால் எரிந்த கப்பலுக்குள் இருந்தது அதைப்போல் 270 மடங்கு.

ஒன்பது மாதம் கூட ஆகவில்லை, 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ எரிந்தது. 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், மேற்குக் கரையெங்கும் பனிபோல் குவிந்த பிளாஸ்டிக் மணிகள், செத்து ஒதுங்கிய ஆமைகள், டொல்பின்கள், திமிங்கலங்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குள் எழுந்த கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நியூ டயமண்டின் தாங்கிகள் வெடித்திருந்தால், எங்கள் கடலில் அதற்கு முதல்நாள் வரை எத்தனை ஆமை முட்டையிட்டது, எந்த மீன் எவ்வளவு பட்டது, எந்தத் திமிங்கலம் எந்த மாதம் கடந்துபோனது என்று எந்த ஏட்டை நீதிமன்றத்தில் காட்டியிருப்போம்? முன்பு இருந்ததைச் சொல்ல முடியாவிட்டால் பின்பு இழந்ததையும் நிரூபிக்க முடியாது. மேற்கில் கப்பல் எரிந்தபோது மட்டக்குளியில் இருக்கும் நாரா என்ற தேசிய நீரியல் வள ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களுக்குக் கரை பக்கத்தில் இருந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு நாடே கிடக்கிறது.

எங்கள் கடலில் அப்படி என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் மழை குறைந்து காய்ந்து கிடக்கும். அதே மாதங்களில், கரைக்குக் கிழக்கே ஆழ்கடலில், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று உண்டாக்கும் பெரிய நீர்ச்சுழல் அதை இழுத்துக்கொண்டு வருகிறது. ‘இலங்கைக் குவிமாடம்’ என்று விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விநயச்சந்திரன் என்ற இந்திய ஆய்வாளரும் யமகாட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் 1998 இல் அதை விளக்கி எழுதினார்கள். ஆழத்திலிருந்து வரும் அந்த நீரில் உரச்சத்து இருக்கிறது. வெயில் படும் மேல்மட்டத்துக்கு அது வந்ததும் கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பாசி உயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னச் சிறு உயிர்கள், அவற்றைத் தின்னக் கீரியும் நெத்தலியும், அவற்றைத் துரத்திக்கொண்டு சூரையும் கெளவல்லாவும். பூமியில் உற்பத்தியாகும் ஒட்சிசனில் ஏறத்தாழப் பாதியைத் தருவதும் அதே நுண்ணுயிர் வகைதான். வகுப்பில் இதைச் சொன்னால், மரம்தானே சேர் ஒட்சிசன் தரும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலிலேயே இருக்கும் கடலைப் பற்றி அவர்களின் பாடப்புத்தகம் பேசுவது மிகக் குறைவு.

அந்த விருந்துக்கு வருகிற பெரிய விருந்தாளி நீலத் திமிங்கலம். பூமியில் இதுவரை வாழ்ந்த விலங்குகளில் அதுவே மிகப் பெரியது. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கலங்கள் துருவப் பக்கம் போய் உண்டு, வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடுகின்றன. வட இந்து சமுத்திரத்தில் வாழ்பவை அப்படி நெடுந்தூரம் போவதில்லை. எங்கள் சூடான கடலிலேயே ஆண்டு முழுவதும் உண்டு வாழ்கின்றன. ஆஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளர் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன செய்தி இது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சட்டவிரோதமாகக் கொன்றன. கணக்கை மறைத்தார்கள். 1990களில்தான் உண்மை வெளிவந்தது. எழுதிவைக்க ஆளில்லாத கடலில் எதையும் கொல்லலாம், எதையும் மறைக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இலங்கையின் கரைகளில் ஐந்து இன ஆமைகள் முட்டையிடுகின்றன. உலகிலேயே கடலாமை இனங்கள் ஏழுதான். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடு. மணல் ஏறத்தாழ 29 பாகைக்கு மேல் சுட்டால் பெண்கள் கூடும், குளிர்ந்தால் ஆண்கள் கூடும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையின் வட பகுதியில் இளம் பச்சை ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண் என்று 2018 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கோமாரியிலும் பாணமையிலும் மணல் இன்று எவ்வளவு சுடுகிறது? ஒரு வெப்பமானியும் ஒரு கொப்பியும் இருந்தால் போதும், பாடசாலைப் பிள்ளைகளே அளப்பார்கள். அளந்ததை வாங்கிச் சேர்த்துவைக்கத்தான் ஓர் இடம் வேண்டும்.

ஆமை விடயத்தில் எங்கள் பக்கத்து உண்மை ஒன்றையும் நீங்கள் அறிய வேண்டும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். ஆமை உண்ண ஆகாதது என்றே எங்கள் மார்க்கக் கல்வி சொல்கிறது. எங்கள் வலையில் ஆமை சிக்குவது தற்செயல். அது மூச்சுக்காக மேலே வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே திணறிச் சாகிறது. ஆமை வனவிலங்குச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது என்பதும் தொழிலாளிக்குத் தெரியும். செத்த ஆமையோடு கரைக்கு வந்தால் பொலிஸ், வழக்கு, வலையும் தோணியும் பறிபோகும் என்று பயப்படுகிறான். ஆகவே வலையை அறுத்து, ஆமையைக் கடலிலேயே விட்டுவிட்டு, வாய் திறக்காமல் வருகிறான். நாட்டுக்கு மிகத் தேவையான தகவல் அங்கேயே மூழ்கிவிடுகிறது. தற்செயலாகச் சிக்கியதை வந்து சொல்பவனுக்குத் தண்டனை இல்லை என்று வனசீவராசிகள் திணைக்களத்தோடு பேசி ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அறுத்துவிட்ட அந்த வலைத் துண்டும் ஓய்வதில்லை. நைலோன் மக்காது. ஆளில்லாமலேயே அது ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். பழைய வலையைக் கரையில் கொடுத்துவிட்டு ஒரு சிறு தொகை வாங்கலாம் என்றால் எங்கள் ஆட்கள் அதைக் கடலில் வீச மாட்டார்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் தோணியாமையைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 1,200 மீற்றர் ஆழத்துக்கு மேல் முக்குளிக்கும் அந்தப் பேருயிருக்கு உணவு சொறிமுட்டை. வழுக்கும் சொறி வெளியே போய்விடாமல் இருக்க அதன் தொண்டை முழுவதும் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. தண்ணீரில் மிதக்கும் சொப்பிங் பேக்கைச் சொறி என்று நினைத்து விழுங்கினால் அதே முட்கள் அதைத் துப்ப விடாது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் காட்டு யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்த படங்களை 2022 இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் போட்டன. யானை செத்தால் நிலத்தில் கிடக்கிறது, படம் எடுக்கலாம். அதே மாவட்டத்தின் குப்பை முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் எதைக் கொன்றாலும் படம் எடுக்க ஆளில்லை.

ஏன் ஒலுவில் என்று சொல்கிறேன். முன்னாள் துறைமுக அமைச்சர் மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் கனவு கண்ட துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்டு 2013 செப்டம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் அலைத்தடுப்புகள் கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே ஒலுவில் கரையும் நிந்தவூர்க் கரையும் அரிபட்டன, தென்னைகள் சாய்ந்தன, கரைவலை இழுத்த இடங்கள் காணாமற் போயின. துறைமுகத்தின் வாயையும் மணல் அடைத்ததால் படகுகள் உள்ளே வர முடியாமல் ஆண்டுகள் கழிந்தன. மணல் ஓடும் திசை எங்கள் கரைவலைக்காரருக்குப் பரம்பரையாகத் தெரியும். கடலைக் கேட்காமலும் கடற்காரனைக் கேட்காமலும் கட்டினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் விலை கொடுத்துப் படித்திருக்கிறோம். அந்த வளாகத்திலேயே ஒரு கட்டடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். பக்கத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாராவின் இரண்டு மூன்று ஆய்வாளர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், ஒரு படகு, தமிழில் எழுதப்பட்ட படிவங்கள் என்று சிறிதாகவே தொடங்கலாம்.

நோர்வேயின் ‘ஃபிரிட்ஜோஃப் நான்சென்’ ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரையும், மறுபடி 2018 இலும் எங்கள் கடலை அளந்தது. அது பெரிய வேலை, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் கப்பலால் ஒவ்வொரு வாடைக்கும் ஒவ்வொரு கச்சானுக்கும் கடல் மாறுவதைப் பார்க்க முடியாது. அதைப் பார்ப்பவன் ஆழ்கடலில் வாரக்கணக்கில் கிடந்து வரும் தண்டையல். எந்த இடத்தில் ஓங்கில் கூட்டம் நின்றது, எந்த நாள் தண்ணீர் நிறம் மாறியது என்று அவன் நினைவில் இருக்கிறது. அதை வாங்கி எழுதுவது அரசாங்கத்தின் வேலை. தகவல் சொல்வதற்கு ஆட்களைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. கடற்றொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. பள்ளிவாசல்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை குத்பாவில் கதீப் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் ஊருக்கே போய்ச் சேரும். ஸஹாபாக்கள் பசியோடு கடற்கரையில் நின்றபோது அல்லாஹ் அவர்களுக்கு ‘அன்பர்’ என்ற பெருமீனை ஒதுக்கிக் கொடுத்த சம்பவத்தைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரில் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றுகிற ஊர். கடல் உயிர் அமானிதம் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் அதிகாரிகளோடு ஒலுவிலுக்கு ஒருமுறை வாருங்கள். கரைவலைச் சம்மாட்டிகளையும் தண்டையல்களையும் சாய்ந்தமருது, கல்முனைக்குடி, பாலமுனை, திருக்கோவில் சங்கத் தலைவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க நாங்கள் தயார். முதல் பதிவேட்டின் முதல் பக்கத்தை எழுதுவதற்கான தகவலை அன்றைக்கே அவர்கள் தருவார்கள்.

இப்படிக்கு,
கல்முனைக்குடி விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்